சட்டத்துறைச் சான்றோரைப் பத்ம விருதுக்கு முன்மொழியும் முறை

ஜில்லாக் கோர்ட் உள்ள எந்த ஊரிலும், மூத்த வக்கீல் ஒருவருக்குச் சதாபிஷேகம் நடக்கும்போது, மாலை மரியாதைகளெல்லாம் முடிந்து, பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் கிடைக்கும் கால் மணி நேரத்தில், யாராவது ஒருவர், “இவருக்கெல்லாம் ஒரு பத்மஸ்ரீயாவது கொடுத்திருக்க வேண்டாமா, ஸார்?” என்று அங்கலாய்ப்பதும், சுற்றி நிற்பவர்கள் “கேட்பாரில்லையே!” என்று தலையசைப்பதும், பிறகு பேச்சு பாயசத்தின் பக்கம் திரும்பிவிடுவதும் வழக்கம். நானும் அத்தகைய பந்திகள் பலவற்றில் உட்கார்ந்து எழுந்தவன். அந்தப் பெரியவரின் பெயரை அரசாங்கத்துக்கு எழுதியனுப்பியவர் அக்கூட்டத்தில் ஒருவருமில்லை என்பதும், எழுதியனுப்பும் உரிமை இந்நாட்டுப் பிரஜை ஒவ்வொருவருக்கும் உண்டென்பதும், தம் பெயரைத் தாமே எழுதியனுப்பக்கூட விதி இடங்கொடுக்கிறது என்பதும் எனக்கு வெகு காலம் கழித்தே தெரியவந்தன. சட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் இந்த ஒரு விதியை மட்டும் படிக்காமல் விட்டது எங்ஙனம் என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். அவர்களுக்காகவும், அவர்களால் பயன்பெற்றவர்களுக்காகவும் எழுதப்படுவது இந்த அத்தியாயம்.

பத்ம விருதுகள் 1954ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டன; அடுத்த ஆண்டு ஜனவரியில் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்ற இன்றைய பெயர்களைப் பெற்றன. கலை, இலக்கியம், மருத்துவம் என்று வகுக்கப்பட்டிருக்கும் துறைகளில் ‘சட்டம்’ என்று தனியே ஒரு துறை இல்லாமையைக் கண்டு முதல்முறை படிவத்தைத் திறப்பவர்கள் திகைப்பதுண்டு. சட்டமும் நீதி பரிபாலனமும் ‘பொது விவகாரம்’ என்ற துறைக்குள், அரசியலுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. பக்கத்து ஆசனத்துக்காரரைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், வக்கீல், நீதிபதி, சட்டப் பேராசிரியர் ஆகியோருக்கு உரிய இடம் அதுவே. சட்டக் கல்வியில் ஒரு புதிய சகாப்தத்தைத் தொடங்கிவைத்த பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியின் ஸ்தாபகர் மாதவ மேனனுக்கு 2020இல் பத்ம பூஷண் வழங்கப்பட்டபோது, ஆயுள் முழுதும் ஆசிரியராகவே அறியப்பட்ட அவர் பெயரும் கல்வித் துறையில் வராமல் பொது விவகாரத்தின் கீழேதான் வந்தது.

இந்த விருதுகளுக்கும் சட்டத்துக்கும் உள்ள பந்துத்துவம் இத்துடன் முடிவதன்று. விருதே ஒருமுறை கூண்டில் ஏற்றப்பட்டது. படை, கல்வி சம்பந்தமான சிறப்புகள் நீங்கலாக வேறு பட்டம் எதையும் அரசு வழங்கலாகாது என்று நமது அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு விதிக்கிறது. ராவ் பகதூர்களையும் திவான் பகதூர்களையும் கண்டு சலித்துப்போன ஒரு தலைமுறை எழுதிய பிரிவு அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகப் பிரதம நீதிபதியாக இருந்த முதல் இந்தியரான சுப்பிரமணிய ஐயர், முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதி, அதற்காக ஆட்சியாளரால் கண்டிக்கப்பட்டபோது, தமக்கு அளிக்கப்பட்டிருந்த ‘சர்’ பட்டத்தையும் ‘திவான் பகதூர்’ பட்டத்தையும் துறந்துவிட்டார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அரசு கொடுக்கும் கௌரவம் அரசின் பிரீதிக்கு விலையாகிவிடலாம் என்ற சந்தேகம் நமது நியாயஸ்தலங்களுக்குப் புதிதன்று. அதே சந்தேகத்தின் பேரில் கேரள, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் 1992இல் தொடுக்கப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. விருது வழங்குதலும் நின்றது. 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம், இவை பட்டங்களல்ல, ஆகவே சாசனத்துக்கு விரோதமல்ல என்றும், ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இவற்றைச் சேர்த்து எழுதலாகாது, எழுதினால் விருதைப் பறிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஆகையால், உங்கள் முயற்சி பலித்துப் பெரியவருக்கு விருது வந்து சேருமாயின், உற்சாக மிகுதியால் அவருடைய ஆபீஸ் பலகையில் ‘பத்மஸ்ரீ’ என்று எழுதுவதற்குப் பெயிண்டரை அழைத்துவரும் ஜூனியரை வாசற்படியிலேயே தடுத்து நிறுத்துக.

இனி யோக்கியதை. ஜாதி, தொழில், பதவி, ஆண் பெண் என்ற பேதம் எதுவும் இல்லை. ஆனால் சேவையிலிருக்கும் அரசாங்க ஊழியர்கள், மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் நீங்கலாக, இதற்கு உரியவர்களல்லர். அரசு சட்டக் கல்லூரி ஆசிரியரை முன்மொழிய விரும்புவோர் அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டும். அரசுக்காக வாதாடும் வக்கீல் அரசாங்க ஊழியர் ஆகிவிடுவதில்லை என்பதையும் கவனிக்க. நாட்டின் முதல் அட்டர்னி ஜெனரலான செதல்வாட் அப்பதவியில் இருக்கும்போதே 1957இல் பத்ம விபூஷண் பெற்றார். ஒரு பத்ம விருதுக்கும் அதற்கு மேற்பட்ட விருதுக்கும் இடையே சாதாரணமாக ஐந்து ஆண்டுகளாவது கழிய வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பிறந்து அட்டர்னி ஜெனரலாக உயர்ந்த பராசரனுக்கு 2003இல் பத்ம பூஷணும் 2011இல் பத்ம விபூஷணும், மூத்த வக்கீல் பாலி நாரிமனுக்கு 1991இல் முன்னதும் 2007இல் பின்னதும் கிடைத்தன.

நீதிபதிகள் விஷயத்தில் காலம் இன்னும் மந்தமாகவே நகர்கிறது. ஏழைகளுக்குச் சட்ட உதவி என்ற கொள்கைக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையான கிருஷ்ணய்யர் 1980இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். பத்ம விபூஷண் வந்தது 1999இல். பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கை 1979இல் விசாரித்து, விரைவான விசாரணையும் உயிருரிமையின் அங்கம் என்று நிலைநாட்டிய பகவதி, 1986இல் ஓய்வு பெற்று, 2007இல் அதே விருதைப் பெற்றார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும், பின்னர் நமது மாநிலத்தின் ஆளுநராக இருந்தவருமான பாத்திமா பீவி பெஞ்சை விட்டு இறங்கியது 1992இல். அவருக்குப் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது 2024 ஜனவரியில், அதாவது 2023 நவம்பரில் அவர் காலமாகி இரண்டு மாதம் கழித்து. இறந்தோருக்கு விருது வழங்குவது சாதாரணமாக இல்லை. மிகத் தகுதி வாய்ந்தவராக இருந்து, குடியரசு தினத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் மறைந்திருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம் என்பது விதி. உங்கள் மனத்திலுள்ள பெரியவருக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டதென்றால் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கவும்.

தகுதிக்கு அளவுகோல் யாது என்பதே அடுத்த கேள்வி. ஒருவர் தம் துறையில் சிறந்து விளங்கினால் மட்டும் போதாது, அச்சிறப்புக்கு மேலாகப் பொதுச் சேவையின் அம்சம் ஒன்று இருக்க வேண்டும் என்று விருது விதிமுறை கூறுகிறது. இதை வக்கீல்கள் பாஷையில் சொல்வதானால், பெரிய கேஸ்களை ஜெயித்தவர், பெரிய ஃபீஸ் வாங்கியவர், பெரிய மனிதர்களுக்கு ஆஜரானவர் என்பன எல்லாம் சேர்ந்தாலும் அவை முதல் பாதிதான். அந்தத் திறமையால் தம் கட்சிக்காரர் அல்லாத யாருக்கு என்ன கிடைத்தது என்பதே இரண்டாம் பாதி. 1984ஆம் ஆண்டுச் சீக்கியர் எதிர்ப்புக் கலவரத்தில் உற்றாரை இழந்தவர்களுக்காக முப்பதாண்டுகளுக்கு மேல் கோர்ட் படி ஏறியிறங்கிய வக்கீல் பூல்காவுக்கு 2019இல் பத்மஸ்ரீ வந்ததை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

இப்போது இந்த அத்தியாயத்தின் சாரமான விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தில் பெயர், விலாசம், பிறந்த தேதி முதலியவற்றை நிரப்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. 800 வார்த்தைகளுக்கு மேற்படாமல் எழுதும்படி கேட்கப்படும் சாதனைக் குறிப்பு ஒன்று உண்டே, அதில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பரிந்துரைகள் கவிழ்ந்து போகின்றன என்பது என் துணிபு. இதை நான் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை; நானே கவிழ்ந்து கற்றேன்.

காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில் ஒரு வக்கீல். அவர் பெயர் இங்கே வேண்டாம், அவரே விரும்பமாட்டார். குத்தகை சாகுபடிதாரர்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பாதுகாப்பை, அச்சட்டம் இருப்பதே தெரியாத சாகுபடிதாரர்களுக்காக, ரெவின்யூ கோர்ட்டிலும் அதற்கு மேலும் வாதாடிக் காத்தவர். அவருக்காக நான் எழுதிய முதல் குறிப்பில், ‘சட்ட மாமேதை’, ‘ஏழைப் பங்காளர்’, ‘வாதத்தில் சிங்கம்’ என்ற விசேஷணங்கள் அணிவகுத்து நின்றன. அவர் பெற்ற பொன்னாடைகளின் புகைப்படங்கள் மட்டும் இருபதுக்குக் குறையாமல் சேகரித்திருந்தேன். எழுதியதை அவருடைய பழைய குமாஸ்தாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இதுல நம்ம ஐயா எங்க இருக்காரு?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் இருபது புகைப்படங்களும் பஸ்மமாயின. பிறகு அவர் பரணிலிருந்து பழைய டயரிகளை இறக்கினார். ஆண்டுக்கொன்றாக, காக்கி உறையிட்டு, மூலை மடங்கி, எலி கடித்த ஓரங்களோடு அவை வந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் வாய்தா தேதி, வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், கடைசிப் பத்தியில் ஃபீஸ் தொகை. சில வரிகளுக்கு எதிரே தொகை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். “அது ஃபீஸ் வாங்காத கேஸுங்க. ஐயா வாங்கக் கூடாதுன்னுட்டாரு. கணக்கு உதைக்கக் கூடாதுன்னு நான் வட்டம் போட்டு வச்சேன்” என்றார். சில பக்கங்களில் தொகைகளைக் காட்டிலும் வட்டங்கள் அதிகமாக இருந்தன. ஒரு வக்கீலின் தர்ம சிந்தனைக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் எந்த வாழ்த்துப் பத்திரத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதுவும், அவர் அறியாமலே அவர் குமாஸ்தா எழுதிவைத்த சாட்சியம்.

இரண்டாவது குறிப்பை அந்த வட்டங்களிலிருந்து தொடங்கினேன். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, வெளியேற்ற வழக்குகளில் சாகுபடிதாரர் பக்கம் கட்டணமின்றி ஆஜரானவை இத்தனை; அவற்றில் உயர் நீதிமன்றம் வரை போனவை இத்தனை; சட்ட சஞ்சிகைகளில் வெளியான தீர்ப்புகள் இன்ன தொகுதி, இன்ன பக்கம்; அத்தீர்ப்புகளைப் பிற்காலத்தில் வேறு கோர்ட்டுகள் பின்பற்றிய சந்தர்ப்பங்கள் இவை; அதன் பயனாக இன்ன கிராமங்களில் நிலம் பெயர்ந்து போகாமல் நின்ற குடும்பங்கள் இவ்வளவு. விசேஷணம் ஒன்றுகூட இல்லாமலே குறிப்பு கனத்துவிட்டது. டெல்லியில் உட்கார்ந்து படிப்பவர் நம் சிங்கத்தை அறியமாட்டார்; ‘சிங்கம்’ என்று எழுதப்பட்ட காகிதம் அவர் மேஜையில் அன்றைக்கே எத்தனையோ இருக்கும். வழக்கு எண்ணையும் தேதியையும் அவர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, நீங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு மாதமாவது ஆதாரம் தேடுவதில் செலவிடுங்கள். முக்கியமான தீர்ப்புகளுக்குக் கோர்ட்டில் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்வது நலம். பழைய வழக்கானால் கட்டு ரிக்கார்டு ரூமில் அகப்படுவதற்கே சில வாரங்கள் ஆகும். சட்ட உதவிப் பணி செய்தவரானால் தாலுகா, மாவட்டச் சட்டப் பணிகள் குழுக்களில் பதிவுகள் இருக்கும். ஆனால் அந்தக் குழுக்களுக்கு ஆதாரமான 1987ஆம் ஆண்டுச் சட்டமே 1995 நவம்பர் 9ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பணிக்குக் குமாஸ்தாவின் டயரியை நம்ப வேண்டியதுதான். நீதிபதியானால் அவர் தீர்ப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதில் பிரயோஜனம் கொஞ்சமே. எந்தத் தீர்ப்பு ஒரு வழக்கத்தை மாற்றியது என்று ஒன்றிரண்டைக் காட்டினால் போதும். அவரிடம் ஜூனியராக இருந்தவர்களில் எத்தனை பேர் நீதிபதியானார்கள் என்ற பட்டியலைச் சேர்க்கும் சபலம் எல்லோருக்கும் வரும். அது அவர்களுடைய சாதனை. விட்டுவிடுக.

கட்சிக்காரர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதமின்றி, குறிப்பில் எழுதாதீர்கள். குடும்ப வழக்குகளிலும் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளிலும் எழுதவே எழுதாதீர்கள். பார் கவுன்சிலில் பெரியவர்மீது ஏதேனும் நடவடிக்கை நிலுவையில் இருக்கிறதா என்று, சங்கடமாயிருந்தாலும், முன்னதாகவே கேட்டறிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள். விதி இதைக் கட்டாயமாக்கவில்லை; மரியாதை கட்டாயமாக்குகிறது. டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஓர் இளம்பெண் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளான சம்பவத்தையொட்டிப் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டங்களைத் திருத்துவதற்காக 2012 இறுதியில் அமைந்த குழுவுக்குத் தலைமை வகித்து, ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்த முன்னாள் பிரதம நீதிபதி வர்மா 2013 ஏப்ரலில் காலமானார். 2014இல் அவருக்குப் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டபோது, எந்தக் கௌரவத்தையும் அவர் நாடியதில்லை என்று கூறி அவர் குடும்பத்தார் அதை ஏற்க மறுத்துவிட்டனர். அத்தகைய மனிதர்கள் சட்டத்துறையில் மற்றத் துறைகளைக் காட்டிலும் சற்று அதிகம் என்பது என் அனுபவம்; அவர்களை நிர்ப்பந்திக்கலாகாது.

அனுப்பும் முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காகிதத்தில் எழுதித் தபாலில் சேர்த்த காலம் போய்விட்டது. ‘ராஷ்ட்ரீய புரஸ்கார்’ என்னும் அரசாங்க இணையதளத்தின் வழியாக மட்டுமே பரிந்துரை ஏற்கப்படுகிறது. நமக்காக அனுப்பும்படி மந்திரியையோ கலெக்டரையோ தேடிப் போக வேண்டியதில்லை. மாநில அரசுகளும் மத்திய அமைச்சகங்களும் தங்கள் சார்பில் பெயர்களை அனுப்புகின்றன என்றாலும், தனி மனிதர் அனுப்பும் பரிந்துரைக்கும் அதே வாசல் திறந்திருக்கிறது. வந்த பெயர்களை, பிரதம மந்திரி ஆண்டுதோறும் அமைக்கும் விருதுக் குழு ஒன்று பரிசீலிக்கிறது. காபினட் செயலாளர் அதற்குத் தலைவர். உள்துறைச் செயலாளரும் ஜனாதிபதியின் செயலாளரும், இவர்களோடு நான்கு முதல் ஆறு பிரமுகர்களும் அங்கத்தினர்கள். குழுவின் சிபாரிசு பிரதம மந்திரிக்கும் ஜனாதிபதிக்கும் போய், குடியரசு தினத்துக்கு முதல் நாள் மாலையில் பட்டியல் வெளியாகிறது. மறைந்தோரும் வெளிநாட்டவரும் நீங்கலாக ஓர் ஆண்டில் மொத்தம் 120 பேருக்கு மேற்படாமல் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதால், சட்டத்துறைக்குக் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. கிடைப்பது ஜனாதிபதி கையொப்பமிட்ட சன்னது ஒன்று, பதக்கம் ஒன்று. பணம் கிடையாது, ரயில் பயணத்தில் சலுகையும் கிடையாது.

பணமுடிப்பும் சேர்ந்த கௌரவம் வேண்டுவோர் மாநில அரசின் பக்கம் திரும்பலாம். திருவள்ளுவர் தினத்தையொட்டித் தமிழ்நாடு அரசு வழங்கும் விருதுகளில், தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்குப் பாடுபட்டவர்களுக்கான அம்பேத்கர் விருது சட்டத்துறையினருக்கும் வந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்குரியதை ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சந்துரு பெற்றார். அவ்வாண்டு முதல் பரிசுத் தொகை ஐந்து லட்சம் ரூபாய்.

காவிரிக் கரை வக்கீலுக்கு விருது வந்ததா என்று வாசகர்கள் கேட்பார்கள். முதல் ஆண்டு வரவில்லை. இரண்டாம் ஆண்டும் வரவில்லை. ஒருமுறை அனுப்பிவிட்டோமே என்று சும்மா இராமல், ஒவ்வோர் ஆண்டும் குறிப்பைப் புதுப்பித்து, விட்டுப்போன தீர்ப்பு ஏதேனும் அகப்பட்டிருந்தால் சேர்த்து, மறுபடியும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

முன்பெல்லாம் மே 1 முதல் செப்டம்பர் 15 வரை பரிந்துரைகளைப் பெற்றார்கள். 2026ஆம் ஆண்டு விருதுகளுக்கு 2025 மார்ச் 15இலேயே தொடங்கி, ஜூலை 31ஐக் கடைசி நாளாக அறிவித்தார்கள். நம் கணக்கில், பங்குனி பிறக்கும்போது கதவு திறந்து ஆடி பாதியில் மூடுகிறது. தேதி ஆண்டுக்காண்டு மாறக்கூடுமாதலால் தை மாதத்திலிருந்தே இணையதளத்தைப் பார்த்துவாருங்கள். அந்தக் குமாஸ்தாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பரணிலிருந்து டயரியை இறக்க ஏணி பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். பங்குனி பிறப்பதற்குள் அவரைப் போய்ப் பாருங்கள்.